மழை பெய்யாவிட்டாலும் கொசு வரும்

மழைக்காலம் தொடங்கியதும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு 'தேங்கிய நீரை அகற்றுங்கள்' என்று கிளம்பிவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மழை, கொசு, காய்ச்சல் என்ற இந்தக் கணக்கு பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மீதிப் பாதியைச் சொல்ல யாரும் மைக் கட்டுவதில்லை. (பி.காம் படிப்பவனுக்குக் கொசுவோடு என்ன வேலை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், கணக்கு வழக்கும் வருகிறது.)

1934-ல் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். அந்தத் தீவின் வறண்ட பகுதிகளில் மலேரியா காலங்காலமாக இருந்தது. தென்மேற்கு மழை கொட்டும் பகுதி, ஆறுகள் நிறைந்து ஓடும். மழைதான் காரணம் என்றால் அங்கேதானே மலேரியா அதிகம் இருக்க வேண்டும்? இருந்தது நேர்மாறு. அங்கு மலேரியாவைப் பரப்பிய அனாபிலஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்கு வேகமாக ஓடும் தண்ணீர் ஆகாது, புழுக்கள் அடித்துச் செல்லப்படும். வெயில் படுகிற தெளிந்த குட்டைதான் அதற்கு வேண்டும்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலிலும் பாறை இடுக்கிலும் குட்டை குட்டையாக நின்றன. ஓடிக்கொண்டிருந்த ஆறே கொசுப் பண்ணை ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு மலேரியா அவ்வளவாகப் பழக்கமில்லை, அதனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. போதாததற்கு விளைச்சலும் போய், வயிற்றில் பசி வேறு. 1935-க்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 55 லட்சம்தான்! உயரமான மலைப்பகுதிகள் தப்பின. வெப்பம் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கொசுவின் உடலுக்குள் மலேரியா கிருமி வளர முடியாது.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016-ல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மன்னாரில் ஒரு புது விருந்தாளியைக் கண்டுபிடித்தார்கள்: அனாபிலஸ் ஸ்டீபன்சி. நம் சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்கிற அதே கொசு. இதற்கு ஆறும் வேண்டாம், குளமும் வேண்டாம். நாம் கட்டி வைக்கிற நகரமே போதும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இன்னும் கெட்டிக்காரி. அதன் முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டின. அப்படிப் பிடிக்கிற தண்ணீரை எங்கே வைப்பது? டிரம், அண்டா, பழைய பெயிண்ட் டப்பா. மூடி வைக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் டிரம்முக்கு அம்மா பழைய வேட்டியைக் கட்டுகிறார். பெயிண்ட் டப்பாவுக்கு ஏது மூடி?

பல ஊர்களில் தொட்டியில் புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம். என் கோபமெல்லாம் இங்கேதான். தண்ணீர் ஒழுங்காக வராததால்தானே சேமிக்கிறோம்? குழாய் போடுகிற செலவு குடிநீர்த் துறையின் பேரேட்டில், காய்ச்சலுக்கு ஆகிற செலவு சுகாதாரத் துறையின் பேரேட்டில், ஆஸ்பத்திரியில் படுத்தவரின் இழந்த கூலி எந்தப் பேரேட்டிலும் இல்லை. இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தினசரித் தண்ணீர் அவ்வளவு விலை உயர்ந்ததாகத் தெரியாது என்று நினைக்கிறேன். புகை அடிப்பது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டிரம்முக்குள் இருக்கும் புழு அடுத்த வாரம் பறக்கும்.

எங்கள் தெருவில் நாள் விட்டு நாள் தண்ணீர். தினமும் வரட்டும், இரண்டு டிரம்மையும் அன்றைக்கே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறோம்.