பாலூட்டுபவளுக்கு எதற்குப் பட்டினி?

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியுமுன்னரே, பழைய உடம்பை மீட்டெடுப்பது குறித்த அறிவுரை ஒரு பெண்ணைத் தேடி வந்துவிடுகிறது. நடிகை ஒருத்தி மூன்றே மாதத்தில் இளைத்த கதை, வார இதழின் உணவுப் பட்டியல், பேலியோக்காரர்களின் சவால், கல்யாண வீட்டில் உறவுக்காரர்களின் கண்ணளவு. குறைவாகத் தின், விரைவாக இளை என்பதே எல்லாருடைய உபதேசமும். இந்த அவசரத்தைக் கொடுமை என்றே சொல்வேன்.

கருவுற்றவள் கூடும் பத்துப் பன்னிரண்டு கிலோவில் ஏறத்தாழப் பாதி, பிள்ளை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எனப் பேற்றின்போதே கழிந்துவிடும். எஞ்சுவதில் மூன்று நான்கு கிலோ, பாலூட்டும் மாதங்களை எண்ணி உடல் குதிரில் போட்டுவைத்த நெல். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவில் பால் சுரக்கும் உடம்பு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, முதல் ஆறு மாதங்களுக்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களுக்கு 520 கலோரியும் கூட்டச் சொல்கிறது. இவளிடம் போய் மொத்தமே 1200 கலோரி என்று பட்டியல் நீட்டுகிறவரை என்னவென்பது?

'பட்டினி கிடந்தால் பால் வற்றும்' என்று அச்சுறுத்துவது எளிது. அது முழு உண்மையன்று. மிதமான பற்றாக்குறையில் பால் அவ்வளவு சுலபமாகக் குறைவதில்லை. தாயின் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து உடல் பிள்ளையைக் காக்கிறது. ஆகவேதான் வீட்டாருக்கு எதுவும் புலப்படுவதில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது.

புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனுக்குக் காட்டும் வீட்டை நினைத்துப் பாருங்கள். காளான் பூத்த அடுப்பு, பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தை, அதன் முகம் பார்த்துக் கண் கலங்கும் தாய். வறுமை தந்த அந்தப் பட்டினியைப் போக்கவே புலவர் வள்ளலிடம் போய் நின்றார். அரிசி நிறைந்த வீட்டில் நாம் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். (இல்லாத இடையைப் பாடிச் சலிக்காத மரபு நம்முடையது; வகுப்பில் நானும் நயம் சொல்லித்தான் நடத்துகிறேன். அந்த வருணனைகளில் பிள்ளை பெற்றவளை அநேகமாகக் காணோம்.)

மாவுச்சத்தை அறவே விலக்குவோர் ஒரு செய்தியை அறியவேண்டும். பாலூட்டிக்கொண்டே அவ்வகை உணவுக்கு மாறிய, நீரிழிவு இல்லாத 32 வயதுப் பெண்ணொருத்தி இரத்தத்தில் அமிலம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்ததை 2015இல் ஸ்வீடன் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அரிதான நிகழ்வுதான். ஆனால் சவால் விடுப்போர் அதைச் சொல்வதில்லை. இளைப்புத் தேநீரில் பலவும் நிலாவாரை கலந்த பேதி மருந்து. போவது நீரே, கொழுப்பு அன்று. 'தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும்' என்று பிரசவித்தவளைத் தாகத்தோடு வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி எழுதவே கூசுகிறது.

எதிர்த்தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. பால் கொடுக்கும்வரை இளைக்க நினைப்பதே பாவம் என்று நெய்யும் லேகியமும் ஊட்டி மூலையில் உட்காரவைப்போர் அவர்கள். கர்ப்பகாலத்தில் நீரிழிவு கண்டவளுக்கு எடை குறைப்பது ஒப்பனை விவகாரமா? 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் செரில் லவ்லேடி குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. அதிக எடையுள்ள, தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த 40 பெண்கள். பேற்றுக்குப்பின் நான்காம் வாரம் தொடங்கிப் பத்து வாரம், அவர்களில் ஒரு பிரிவினர் நாளுக்கு 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தனர். வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ குறைந்தது. இரு பிரிவுப் பிள்ளைகளின் வளர்ச்சியிலும் வேறுபாடில்லை. பால் சுரப்பு நிலைபெற்றபின், மருத்துவரைக் கண்டு, இந்த அரைக் கிலோ வேகத்தில் போவதில் தவறென்ன? குறைக்கவேண்டியவை இனிப்பு, பொரித்தவை, பிஸ்கட்டு, சர்க்கரை கொட்டிய சத்துமாவு. பருப்பும் கீரையும் கேழ்வரகும் முட்டையும் மீனும் தட்டிலேயே இருக்கட்டும்.

அந்த 45 நிமிடம் பிள்ளையை யார் வைத்திருப்பார்கள் என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. இளைக்கச் சொல்லும் கணவர் அந்நேரம் செய்தித்தாளில் இருக்கிறார். மகப்பேற்று நலன் குறித்த சட்டம், வேலைக்குத் திரும்பியவளுக்குக் குழந்தையின் 15ஆம் மாதம்வரை நாளுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தருகிறது. 2017இல் விடுப்பு 26 வாரம் ஆனதை அறிந்தவர்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்? விடுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழையும் பெண்ணிடம் 'பெருத்துவிட்டீர்களே' என்பவர்கள், முதலில் அவள் மதியம் சாப்பிட்டாளா என்று கேட்கட்டும்.