ஆண்டவரு பாத்துக்கிருவாரு... நீங்க என்ன பாத்தீங்க?

எங்க பாட்டி செத்த அன்னைக்குக் கோயில் தூம்பா ரிப்பேராகிப் போச்சு. தூம்பான்னா செத்தவங்களைக் கோயிலுக்கும் கல்லறைக்கும் தூக்கிக்கிட்டுப் போற பொதுப் பெட்டி. பங்குச் சொத்து. எங்க தெருவும் வரி குடுத்துச் செஞ்சது. கோயில்பிள்ளை வந்து, "ஒரு பக்கத்துக் காலு ஆடுது, வேற ஏற்பாடு பண்ணிக்கிருங்க"ன்னு வாசல்ல நின்னபடியே சொல்லிட்டுப் போயிட்டாரு. கயித்துக் கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனோம். ஆறாம் நாளு மேலத்தெருவுல ஒரு சாவு. தூம்பாவுக்குக் காலு சரியாயிருந்துச்சு. அதுக்கு ஆணி அடிச்ச ஆசாரி யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கய்யா போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டாரு. எனக்கு அப்ப பதினாறு வயசு, கூடப் போயிருந்தேன். சாமியார் கோபப்படல. கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப அன்பாத்தான் சொன்னாரு: "மனசுல வச்சுக்காதீங்க. விசுவாசத்தோட பொறுமையா இருங்க. மனுசன் நீதி தவறும், ஆண்டவரோட நீதி தவறாது." எங்கய்யா தோத்திரம் சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டாரு.

எந்தப் பங்கு, எந்தச் சாமியாருன்னு பேரு சொல்லப்போறதில்ல. வத்திராயிருப்புப் பக்கம், மேற்கு மலை அடிவாரம், அவ்வளவு போதும். படிக்கிற தோழர்கள்ல பாதிப்பேருக்கு அது அவங்கவங்க ஊரு மாதிரியே தெரியும்.

ஆண்டவருடைய நீதியை நம்புவதா வேண்டாமா என்பது இங்கே என்னுடைய கேள்வி இல்லை. அந்த வார்த்தை யார் வாயிலிருந்து, யாருடைய வாயை அடைக்க வருகிறது என்பதுதான் கேள்வி. ஏன்னா அதே வார்த்தையைப் பாட்டியும் சொல்லியிருக்கு.

பாட்டி நாத்து நட்டுக் களை எடுத்துக் கதிரறுத்து வாழ்ந்தது. களத்துல கூலி நெல்லு அளக்கும்போது மொதலாளி வீட்டு ஆளு மரக்காலைத் தலை தட்டி அளப்பான். அவங்களுக்குச் சேரவேண்டியதை அளக்கும்போது மட்டும் கும்பாச்சியா அளப்பான். "அளக்கட்டும்டா, மேல ஒருத்தன் அளந்துக்கிட்டுத்தான் இருக்கான்"னு பாட்டி சொல்லும். சொல்லிட்டு மூலையில உக்காந்து செபமாலை உருட்டல. மறுநாள் வீட்டுப் படியை முந்தியில கட்டிக்கிட்டுப் போயி, அத்தனை பொம்பளைகளுக்கும் முன்னால அந்த நெல்லைத் திருப்பி அளந்து காட்டுச்சு. அந்தப் போகத்துல அதுக்கு வேற வேலை கிடைக்கல. ஆனா அடுத்த வருசம் களத்துல மரக்காலைத் தொட்டவன் எங்க பாட்டி எங்க நிக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் அளந்தான்.

மேல ஒருத்தன் அளக்கிறான்னு நம்புனதாலதான் அதுக்குக் கீழே படியை எடுத்துக்கிட்டுப் போகத் தைரியம் வந்துச்சு. சாமியார் சொன்னதும் இதே நீதிதான், இதே ஆண்டவர்தான். ஆனா அதைக் கேட்டுட்டு எங்கய்யா வீட்டுக்குத் திரும்பி வந்தாரு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் செமினாரியில யாரும் சொல்லிக் குடுக்கிறதா தெரியல.

லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனுசனையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவள் போகிறாள், வருகிறாள், திரும்பப் போகிறாள். இவள் தொல்லை தாங்கமுடியாமல்தான் அவன் கடைசியில் தீர்ப்பு எழுதுகிறான். இதை வச்சு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! எல்லாத்திலேயும் ஒரே முடிவு: சலிக்காமல் செபம் பண்ணுங்கள். செபத்தைப் பற்றிச் சொன்ன கதைதான், மறுக்கவில்லை. ஆனால் செபத்துக்கு உதாரணம் காட்ட இயேசு தேடிப் பிடித்தது முழங்காலில் இருந்த ஒருத்தியை இல்லை, கோர்ட்டு வாசலில் நின்ற ஒருத்தியை. இந்தச் சின்ன விசயம் மட்டும் பிரசங்கத்தில் ஏன் எப்போதும் விட்டுப்போகிறது?

சரி, நாம ஏறின கோர்ட்டுக் கதைக்கு வருவோம்.

1950 ஆகஸ்டு 10-ந் தேதி குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைச் சேராத எவரையும் பட்டியல் சாதியாகக் கருதக்கூடாது என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் சர்டிபிகேட்டு. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே அடி. இந்துன்னு சர்டிபிகேட்டு வச்சிருக்கிற பெரியப்பா மகனை அடிச்சா வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஞானஸ்நானம் வாங்கின என்னை அடிச்சா சாதாரணக் கைகலப்பு. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுப் பாத்துட்டா அடிக்கிறான்?

தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறித்தவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவர் கேட்டது மந்திரி பதவி இல்லை. அவர் மாதிரித் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒரு பெட்டிக்கடை. கிறித்தவர் என்பதால் அது மறுக்கப்பட்டது. 1985-ல் தீர்ப்பு வந்தது. தோற்றுப்போனார். ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்ன காரணத்தை ஒவ்வொரு பங்கிலும் கல்லில் வெட்டி வைக்கவேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, பழைய மதத்தில் பட்ட இழிவும் ஒடுக்குமுறையும் அதே கடுமையோடு புதிய மதத்திலும் தொடர்கிறது என்று காட்டவேண்டும், அப்படிக் காட்டும் ஆதாரம் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது கோர்ட்டு.

ஆதாரம் இல்லியாம்!

அந்த ஆதாரம் எங்க இருந்துச்சு தோழர்களே? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவராக நின்றுகொண்டிருந்தது. தனித்தனிக் கல்லறையாக, தனித் தேர்ப்பாதையாக, பங்குப்பேரவையில் நம்ம பேரு இல்லாத வெத்துத் தாளாக ஊருக்கு ஊரு கிடந்தது. ரிப்பேரான தூம்பாவாக எங்க ஊர்க் கோயில் மூலையிலயும் கிடந்துச்சு. அந்த ஆதாரத்துக்குச் சாவி வச்சிருந்தது யாரு? எங்கய்யா கையை அன்பாப் பிடிச்சவங்கதான். பொறுத்துக்கோ, ஆண்டவர் நீதி செய்வார்னு சொல்லி அனுப்பின ஒவ்வொரு தடவையும் ஒரு புகாரு எழுதப்படாமப் போச்சு. ஒரு சாட்சி வீட்டுக்குத் திரும்பிப் போச்சு. நீங்க ஆறுதல் சொன்னதா நெனைச்சீங்க. அந்தச் செருப்புத் தைக்கிற மனுசனோட வழக்குக் கட்டுல சேரவேண்டிய தாளை எடுத்து ஒளிச்சு வச்சீங்க.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 1 கோடி 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடி 20 லட்சம் பேர் தலித்துகள், ஆயர்களில் தலித்துகள் 12 பேர் என்று கணக்கும் சொன்னார்கள். நல்ல காரியம். கோர்ட்டு ஆதாரம் கேட்டு முப்பத்தோரு வருசம் கழிச்சு!

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கச் சொல்வதும், பட்டியல் சாதி உரிமை கேட்டு டில்லிக்கு ஊர்வலம் போவதும் ஆயர்கள்தான். எங்க தெருவும் பஸ்ஸு பிடிச்சுப் போயிருக்கு. ஆனா டில்லி ரோட்டுல, "எங்க சனத்துக்குச் சாதிக்கொடுமை தீரல" என்கிறார்கள். ஊருக்கு வந்து அதே சனம் தேரு எங்க தெருவுக்கு ஏன் வரலன்னு கேட்டா, "கிறிஸ்துவுக்குள்ள சாதி ஏது?" என்கிறார்கள். எந்த வாயை நம்புறது?

2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். சாதிக் கிறித்தவர்கள் தலித் தெருவுக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்ததும் கிறித்தவர்கள், அடித்ததும் கிறித்தவர்கள், அடிபட்டதும் கிறித்தவர்கள். எல்லாரும் வாங்குனது ஒரே நன்மை.

சுவர் இடியாததும் இல்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமாகப் பிரிந்த கோயில். 1910-ல் பங்குச் சாமியாரே அந்தச் சுவரை இடித்தார். தனி இடம் கேட்டு வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் நாம் இல்லைதான். ஆனாலும் ஒரு சாமியார் மனசு வச்சா ஒரு சுவரை என்ன செய்யமுடியும் என்பதற்கு நூறு வருசத்துக்கு முந்தின சாட்சி இருக்கு. அப்புறம் வந்த சாமியார்களுக்குக் கடப்பாரை கிடைக்கலியா?

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும். "தம்பி, திருச்சபையை வெளியில காட்டிக் குடுக்காதே. காலம் கெட்டுக் கிடக்கு. மதமாற்றத் தடைச் சட்டம்னு ஒவ்வொரு மாநிலமா கொண்டுவர்றான். ஆர்.எஸ்.எஸ்.காரன் கையில ஆயுதம் குடுக்கிறே." பயம் பொய்யில்லை. கோயிலை அடிக்கிறவன் முதலில் வருவது எங்க தெருவுக்குத்தான், எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆயுதத்தைச் செய்தது நான் இல்லை. கல்லறையில் சுவர் வைத்தவன் செய்தது. சுவர் வச்சவனை ஒரு வார்த்தை கேக்காம, சுவர் இருக்குன்னு சொன்னவனைக் காட்டிக்குடுத்தவன்னா, அப்ப யூதாசு யாரு?

இன்னொரு பதில் நம்ம பக்கத்துத் தோழர்களிடமிருந்து வரும். "அண்ணல் 1956-ல் வழி காட்டிட்டாரு. அந்தச் சிலுவையைக் கீழே போட்டுட்டு வாங்கடா." வரலாம். சட்டமும் அதைத்தான் வேறு நோக்கத்தோடு சொல்கிறது. பாட்டன் காலத்தில் மாறிய குடும்பத்தில் பிறந்தவரே ஆனாலும், தாய்மதம் திரும்பி, சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் பட்டியல் சாதி உரிமை உண்டு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது. இரண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க. திரும்பிப் போனால் சாதி அப்படியே கிடைக்குமாம். அப்ப அது இத்தனை காலமும் சாகாமல் வாசலிலேயே காத்துக் கிடந்தது என்றுதானே அர்த்தம்? கோயிலுக்குள்ள இருந்தவரைக்கும் அது எங்க போயிருந்துச்சாம்?

சிலுவையைப் போடுவதும் வச்சுக்கொள்வதும் அவனவன் மனசு. எங்க பாட்டியோட சேசுவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. களத்துல அது பக்கத்துல நின்ன ஒரே ஆம்பளை அவருதான்.

இந்த மண்ணில் சாட்சி சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டிதான் பாமாவுக்குச் சொந்த ஊரு. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, 1992-ல் 'கருக்கு' எழுதினார். நம்ம தெருப் பேச்சிலேயே, மடத்துக்குள்ளே இருந்த சாதியைப் பேரு சொல்லி எழுதினார். அதை வெளியிட்டது மதுரையில் சேசு சபையார் நடத்தும் ஐடியாஸ் மையம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். புத்தகம் வந்தபோது சொந்த ஊர்ச் சனமே அவர்மேல் கோபப்பட்டது. ஊருக்குள் போகமுடியாமல் இருந்தார். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன், 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போனவர், 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதி 2002-ல் தன் பங்குக்குக் கணக்கைக் கொட்டினார். ஒரே வீட்டிலிருந்து ரெண்டு சாட்சி. நாம அதை இலக்கியம்னு சொல்லி அலமாரியில வச்சுட்டோம். அது வழக்குக் கட்டு.

மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரை செய்தது. அதற்கும் முன்னால் 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இருபது வருசம் ஆகியும் முடிவில்லாமல் இழுத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இரண்டு வருசத் தவணை கொடுத்தார்கள், அப்புறம் நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அதெல்லாம் அங்கே. நம்ம பங்கிலிருந்து அந்த ஆணையத்துக்கு என்ன தாள் போச்சு? நான் கேட்ட வரைக்கும் எங்க பக்கத்துப் பங்குகளிலிருந்து ஒண்ணும் போகல. செப வழிபாடு மட்டும் நடந்திருக்கு.

படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. கையில செல்போன் இருக்கு. கூமாபட்டித் தண்ணியைப் படம் பிடிச்சு உலகத்துக்கே காட்டுனது நம்ம பக்கத்துப் பயகதானே. கல்லறைச் சுவரையும் ஒரு படம் பிடிங்க. சுவரு எத்தனை அடி, எந்தப் பக்கம் யாரைப் புதைக்கிறாங்க, பங்குப்பேரவையில யாரு யாரு, தேரு எந்த முக்குல திரும்புது? தேதி போட்டு எழுதுங்க.

நான் போன மாசம் ஊருக்குப் போயி, அளவு டேப்போட கல்லறையில நின்னேன். இப்ப இருக்கிற சாமியார் சின்ன வயசு. வந்து, "என்ன சார் அளக்குறீங்க?"ன்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. அப்புறம் டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சாரு. மறுநாள் சாவுப் பதிவேட்டைக் கேட்டப்ப மட்டும், மேலிடத்துல கேக்கணும்னுட்டாரு.

பரவாயில்ல. நாலு கட்டம் போட்டு ஒரு நோட்டு வாங்கியிருக்கேன். பேரு, தேதி, எந்தத் தெரு, தூம்பா குடுத்தாங்களா இல்லியா. மொதல் வரியில பாட்டி பேரு இருக்கு.