எங்க வீட்டு நோட்டில் இல்லாத கூலி



மார்கழி பிறந்தா போதும், சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் தெரிஞ்சவங்க போன் வரும். "ஏற்காட்டுல இப்ப குளிர் எப்படி? உங்களுக்கென்னங்க, கொடுத்து வெச்சவங்க" என்பார்கள். குளிர் நல்லாத்தான் இருக்கு. காலையில் எட்டு மணி வரைக்கும் களத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிற சில்வர் ஓக் மரம்கூட கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்களுக்கு இது ஓய்வுக் காலம் இல்லை. நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் காபிப் பழம் பறிப்பு. அது முடியுறதுக்குள்ளேயே மிளகு வந்துவிடும். ஒரு வருசத்துச் சோறு இந்த நாலு மாசத்தில்தான் இருக்கிறது.

மூணு ஏக்கர் காபி, ஊடே மிளகுக்கொடி, ரெண்டு மாடு. இவ்வளவுதான் எங்க பண்ணையம். இதில் குளிர்காலத்தில் யார் என்ன வேலை செய்கிறோம் என்று இந்த வருசம்தான் உருப்படியாக யோசித்தேன். யோசிக்க வைத்தது ஒரு சறுக்கல்.

மார்கழி முதல் வாரம். பனியில் நனைஞ்சு கிடந்த சரிவில், பறிச்ச பழத்தோட இறங்கி வந்த எங்க வீட்டுக்காரம்மா சறுக்கி விழுந்துட்டா. கணுக்காலில் நல்ல அடி. எலும்பு முறியலை, ஆனா மூணு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவ செய்கிற வேலையை வெளியில் இருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து விறகடுப்பு மூட்டி வெந்நீர் அண்டாவை ஏற்றுவா. மாட்டுக்குச் சாணி வாரி, தீனி வைத்து, பால் கறந்து ஊற்றி, எங்களுக்குச் சோறாக்கிவிட்டு, எட்டரைக்கெல்லாம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பா. சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்கணும், பச்சையை விட்டுவிடணும். அதனால ஒரே செடிக்கு மூணு நாலு தடவை போகணும். பறிச்ச பழத்தை அன்னிக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை எடுக்கணும். ராத்திரி தொட்டியில் ஊறும். வழவழப்பு விட்டதும் பனிக்கட்டி மாதிரி இருக்கிற தண்ணீரில் கழுவி, களத்தில் காயப்போட்டு, மணிக்கொரு தரம் கிளறிவிடணும். வெயில் இறங்கறதுக்கு முன்னாடி குவிச்சு மூடணும். இதுல பாதி அவ கையால்தான் நடந்தது.

அவ படுத்த 22 நாளைக்கு, பழம் பறிக்க ஒரு ஆளுக்கு நாளுக்கு 500 ரூபாய். மாட்டையும் அடுப்பையும் பார்க்கப் பக்கத்து ஊர் அம்மா ஒருத்தருக்கு நாளுக்கு 300 ரூபாய். மொத்தம் 17,600 ரூபாய் கையை விட்டுப் போனது. அப்படியும் களத்துக் காவல் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் சாயங்காலம் குவித்து மூட மறந்துவிட்டேன். பனி இறங்கி, பாதி காய்ந்த காபி ஈரம் வாங்கி வாடை வந்துவிட்டது. வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். அவர் மேல் தப்பு இல்லை.

அந்த வாரம் என் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். உரம், மருந்து, ஆள் கூலி, பல்ப்பர் ரிப்பேர், மாட்டு டாக்டர் வரை எல்லாம் எழுதியிருக்கிறேன். 19 வருசத்து நோட்டில் அவ கூலி ஒரு பக்கத்திலும் இல்லை. போன வருசம் எல்லாச் செலவும் போக 1,40,000 ரூபாய் லாபம் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். சீசனுக்கு 100 நாள் அவ பறிக்கப் போகிறா என்று வைத்தாலும், 500 ரூபாய் வீதம் 50,000 ரூபாய். நான் லாபம் என்று சொன்னதில் மூணில் ஒரு பங்குக்கு மேல் அவளுக்குக் கொடுக்காத கூலி. மாட்டு வேலையும் அடுப்பு வேலையும் இதில் சேரவே இல்லை.

"உன் உழைப்பையும்தானே நீ எழுதலை?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் என் உழைப்பு எனக்கு வேற வழியில் திரும்பி வருகிறது. பட்டா என் பேரில். பால் பணம் என் கணக்கில். பிஎம் கிசான் 6,000 ரூபாயும் நிலம் என் பேரில் இருப்பதால் எனக்கு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது எனக்குத்தான் எல்லோரும் கைகொடுத்தார்கள். அவ பேருக்கென்று வருகிற ஒரே பணம், 2023 செப்டம்பரில் தொடங்கின மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1,000 ரூபாய். அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பேர் வைத்தது ஏன் என்று எனக்கு இப்பத்தான் புரிகிறது.

இந்தக் கணக்கு நான் கண்டுபிடித்தது இல்லை. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் நெல், கோதுமைக்குச் செலவு போடும்போது கைக்காசுச் செலவோட குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது. காபிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது, அதனால் எங்களுக்கு யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாமாவது போட்டிருக்க வேண்டும். நம்ம எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது பெண் விவசாயிகளின் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இப்ப 2026-ஐ ஐ.நா. சபை சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. எங்க மலைக்கு 1820-களில் காபி கொண்டுவந்தது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்று டூரிஸ்ட் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறோம். அன்றிலிருந்து இன்றுவரை பறித்த பெண்களில் ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது.

இதைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னேன். "குடும்பத்துக்குள்ள எதுக்குப்பா கூலிக் கணக்கு? நாளைக்கு சோத்துக்கும் பில் போடுவியா?" என்று சிரித்தார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. அன்பைக் கூலியாக அளக்க முடியாது. ஆனால் நான் கொடுக்கச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். எழுதினால்தான் காபி உண்மையில் லாபமா நஷ்டமா என்று தெரியும். ரெண்டாவது மாடு வேணுமா வேண்டாமா என்று தெரியும். எந்த வேலைக்கு மிஷின் வாங்கலாம், எதற்கு ஆள் வைக்கலாம் என்று தெரியும். எழுதாத வரைக்கும் அவ உழைப்பு சும்மா கிடைக்கிற சரக்கு. சும்மா கிடைக்கிறதை யாரும் மிச்சம் பிடிக்க நினைப்பதில்லை.

அவகிட்டயும் நோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எழுதுனா ஆச்சுங்களா? மொதல்ல அந்தத் தண்ணித் தொட்டியில இருந்து சமையக்கட்டுக்கு ஒரு பைப்பு போடுங்க. இந்தக் குளிர்ல எத்தனை வருசம் நான் தூக்கறது?" என்றா.

தொட்டிக்கும் சமையக்கட்டுக்கும் நாற்பது அடிதான். ஆள் கூலியோட 6,800 ரூபாய் ஆனது. 19 வருசமாக என் கண்ணில் படவில்லை. பைப் போட்டாச்சு. பட்டாவில் அவ பேரையும் சேர்க்க என்ன பத்திரம் எழுதணும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் தை ஒண்ணாம் தேதியிலிருந்து அவளுக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி.

டவுனில் இருக்கிற நீங்களும் காபித்தூள் வாங்கும்போது எது சல்லிசு என்று மட்டும் பார்க்காதீங்க. அந்த விலையில் எங்க வீட்டுக்காரம்மா மாதிரி எத்தனையோ பேரின் கூலி ஏறாமலே கிடக்கிறது. அதை ஏற்றிக் கேட்டால், "ஏன்யா இவ்வளவு விலை?" என்று மட்டும் கோவிச்சுக்காதீங்க.

அவ இப்ப நடக்கிறா. நாளைக்குக் கடைசிப் பறிப்பு. சரிவில் படி வெட்டி வைத்திருக்கிறேன்.