நூறு மீட்டரும் ஒரு வேலி நிலமும்

தஞ்சாவூர்க்காரனிடம் புராதனச் சின்னம் என்று பேச்சை ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை பெரிய கோயில்தான். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது, 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 2004-ல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் அதே பட்டியலில் சேர்ந்தது... எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். பெருமைப்பட வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் நம்ம பெருமை கோயில் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு வெளியே குடியிருக்கிறவர் பாடு என்ன? பட்டியலிலேயே இல்லாத பழைய கட்டடங்கள் பாடு என்ன? இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துப் பார்க்கணும் என்பதுதான் என் கட்சி.

முதலில் சட்டம். 1958-ல் வந்த புராதனச் சின்னங்கள் சட்டம்தான் மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கும் ஆயுதம். 1992 ஜூனில் ஓர் அறிவிக்கை வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-ல் இதையே சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்து இறுக்கிவிட்டார்கள். முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. மாடி எடுப்பதும் பக்கத்தில் ஒரு அறை சேர்ப்பதும்கூட 'கட்டுமானம்' கணக்கில்தான் வரும். 1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், ஆனால் அதற்கும் அனுமதி வாங்கணும். அடுத்த 200 மீட்டரில் எது கட்டினாலும் அனுமதி. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'நூறு மீட்டர்தானே' என்று நினைக்கத் தோன்றும். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் என்றால் ஏழே முக்கால் ஏக்கர். 300 மீட்டர் என்றால் சுமார் 70 ஏக்கர். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு வேலிக்கு மேல் முழுத் தடை, பத்து வேலிக்கு மேல் அனுமதிக் கெடுபிடி. இது வெறும் புள்ளிக்கு. பெரிய வளாகமாக இருந்தால் எல்லையிலிருந்து அளப்பார்கள், ஆக இன்னும் கூடும். மைதானத்துக்கு நடுவில் இருக்கும் கோட்டைக்கு இது சரி. டெல்டாவில் கோயில் எங்கே இருக்கிறது? ஊருக்கு நடுவில். கோயிலைச் சுற்றித்தான் ஊரே. அப்படியென்றால் சட்டம் வட்டம் போடுவது ஊரின் மேலேயே.

தாராசுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேசுவரர் கோயில். கல்லில் செதுக்கிய தேர்ச் சக்கரத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆனால் அது பட்டு நெசவு ஊரும்கூட. வீட்டுக்குள்ளேயே தறி, தெருவிலேயே பாவு. தறி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்ட வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு அறை எடுக்கத்தான் தோன்றும். முதல் 100 மீட்டருக்குள் இருந்தால் முடியாது. அதே வீட்டை விற்கப் போனால், கட்ட முடியாத இடத்துக்கு எவன் நல்ல விலை தருவான்? கோயிலைப் பார்க்க வருகிறவர் அறை எடுப்பதும் சாப்பிடுவதும் கும்பகோணத்தில். வருமானம் அங்கே, கட்டுப்பாடு இங்கே.

நான் காமர்ஸ் படிப்பதால் புத்தி இப்படித்தான் போகிறது :-) ஊர் உலகத்துக்கே சொந்தமான ஒரு சொத்து, அதைப் பராமரிக்கும் செலவில் ஒரு பெரிய பங்கை அதன் பக்கத்தில் பிறந்த பாவத்துக்காக நூறு குடும்பம் கட்டுகிறது. அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஏறாததால் அப்படி ஒன்று இல்லை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கே இந்தக் கெடுபிடி தாங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு 100 மீட்டருக்குள் விலக்கு தரும் மசோதா 2018 ஜனவரியில் லோக்சபாவில் நிறைவேறியது. பிறகு ராஜ்யசபாவில் தேர்வுக் குழுவுக்குப் போய் நின்றுவிட்டது. நின்றது நல்லதுதான். ஆனால் கவனியுங்கள், விலக்கு கேட்டது மேம்பாலத்துக்கு. நெசவாளி வீட்டு மாடிக்கு இல்லை.

சரி, தடையை எடுத்துவிடலாமா? கூடவே கூடாது. பெரிய கோயில் விமானத்தை இன்றைக்கும் தூரத்திலிருந்தே பார்க்க முடிகிறது என்றால், பக்கத்தில் எட்டு மாடி லாட்ஜ் எழும்பவில்லை என்றால், அதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். பணமும் செல்வாக்கும் இருக்கிறவனைத் தடுக்க ஒரு கோடு வேண்டும். என் சண்டை கோட்டோடு இல்லை. எல்லா ஊருக்கும் ஒரே அளவில் கோடு போடுவதோடுதான். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக விதிமுறை எழுதணும் என்று அதே 2010 திருத்தமே சொல்கிறது. பிரான்ஸில் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் உண்டு, நம்மைவிடப் பெரிசு. ஆனால் அங்கே அது தடை இல்லை. அரசு நியமித்த கட்டடக் கலைஞர் வரைபடத்தைப் பார்த்து, உயரம் இவ்வளவு, கூரை இப்படி, சுவர் நிறம் இது என்று சொல்லுவார், அதன்படி கட்டலாம். நம்ம நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2023-ல் இந்த 100, 300 மீட்டர் விதியைச் சீரமைக்கணும் என்றுதான் சொன்னது.

இப்போது அடுத்த கேள்வி. வட்டத்துக்கு உள்ளே இவ்வளவு கறார். பட்டியலுக்கு வெளியே?

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயரில். ஒரத்தநாட்டில் இருப்பது இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம். யானையும் குதிரையும் தேரை இழுப்பது போன்ற வேலைப்பாடு. வெறும் தங்கும் இடம் இல்லை அது. வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு வைத்தியம். 1801-ல் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சத்திரங்களை என்னிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ராஜ்யத்தையே கொடுத்தவர் சத்திரத்துக்காகக் கெஞ்சினார் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். பிற்பாடு அந்தக் கட்டடம் பல வருஷம் மாணவர் விடுதியாக ஓடியது. ஆள் இருந்தவரை கூரையில் அரசமரம் முளைத்தால் பிடுங்க ஒரு கை இருந்தது. ஆள் காலி செய்ததும் மரத்துக்குக் கொண்டாட்டம்.

சத்திரமாவது பெயர் தெரிந்தது. ஆற்றங்கரைப் படித்துறை மண்டபங்கள், சுமைதாங்கிக் கல், முற்றம் வைத்த ஓட்டு வீடுகள், மிராசுதார் வீட்டு நெற்குதிர்... இதற்கெல்லாம் நூறு மீட்டர் என்ன, ஒரு மீட்டர் பாதுகாப்பும் கிடையாது. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 3,000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். மாநிலத் தொல்லியல் துறை பாதுகாப்பதால் நிற்கிறது. அதே ஜில்லாவில் இன்றைக்கும் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை மழையில் நனைகிறது. நானூறு வருஷத்துக்கு முன்னால் நெல்லை எப்படிக் காத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. பட்டியலில் ஏறாத குதிர்கள் எத்தனை இடிந்ததோ, கணக்கே இல்லை.

கோயில்களுக்குள்ளேயே திருப்பணி என்ற பெயரில் பழைய மண்டபம் போவதும், கல்வெட்டின் மேல் மணலை வீசியடித்துச் 'சுத்தம்' செய்வதும் நடந்தது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது, 2017-ல் யுனெஸ்கோ குழு அறிக்கை தந்தது, 2021 ஜூனில் நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டது. மாநில அளவில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் ஓட்டு வீடு எத்தனை கான்கிரீட் ஆகியிருக்கும்?

ஆடிட்டிங்கில் முதல் பாடமே, புத்தகத்தில் இருக்கும் சரக்கு கிடங்கில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார் என்பதுதான். 2013-ல் மத்திய தணிக்கைத் துறை அதைத்தான் செய்தது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 1,655-ஐ நேரில் பார்த்ததில் 92-ஐக் காணோம்! நூற்றுக்கு ஐந்தரை. பட்டியலில் இருப்பதன் நிலைமையே இது.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, தடையால் நஷ்டப்படுகிறவருக்கு ஈடு. மும்பையில் 1995-லிருந்தே பாரம்பரியக் கட்டட உரிமையாளர், தான் கட்ட முடியாமல் போன பரப்பை வேறு இடத்தில் கட்டும் உரிமையாக விற்கலாம். கிராமத்தில் அதை வாங்க பில்டர் வரமாட்டான், தெரியும். குறைந்தபட்சம் வீட்டு வரியாவது தள்ளுபடி செய்யலாம், ஓடு மாற்ற மானியம் தரலாம்.

இரண்டு, அனுமதி ஊரிலேயே கிடைக்கணும். ஓடு மாற்றவும் கழிப்பறை ஓரம் பூசவும் மனு போட்டு மாசக்கணக்கில் காத்திருப்பவன், அடுத்த தடவை மனுவே போடமாட்டான். ராத்திரியில் கட்டிவிடுவான். கறாரான சட்டம் இப்படித்தான் நேர்மையானவனைக் கள்ளன் ஆக்குகிறது.

மூன்று, பட்டியலைப் பெரிதாக்கி, பிடியைத் தளர்த்தணும். இங்கிலாந்தில் சாதாரணக் குடியிருப்பு வீடு, மதுக்கடைகூடத் தரம் பிரித்துப் பட்டியலில் இருக்கும், உள்ளே ஆளும் குடியிருப்பார். மாற்றம் செய்ய மட்டும் கேட்கணும். நமக்கோ ஒன்று, தொட்டால் ஜெயில். இல்லையென்றால், இடித்தாலும் கேள்வி இல்லை. நடுவில் ஒரு படி வேண்டாமா? சத்திரத்தை நூலகமாக்குங்கள், நெசவாளர் விற்பனைக் கூடமாக்குங்கள், விடுதியாகவே திருப்பிக் கொடுங்கள். ஆள் புழங்குகிற கட்டடம் சாகாது.

கோயிலைக் காப்பாற்றப் பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாக்கினால் ரொம்ப நாளைக்குத் தாங்காது. ராத்திரியில் கல்லைத் தூக்க எவனாவது வந்தால் முதலில் பார்ப்பது டெல்லி அதிகாரி இல்லை, எதிர்த் திண்ணையில் படுத்திருப்பவர்தான். அவருக்கு அந்தக் கோயிலால் ஒரு நன்மையாவது இருக்கணும். இல்லையென்றால் அவர் ஏன் சத்தம் போடப்போகிறார்?