பாடு இல்லாத நாளும் தோற்ற பிள்ளையும்

மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் வாழும் என் உறவுகளுக்கு,

பேசாலையிலோ பள்ளிமுனையிலோ ஒரு படகு வெறும் வலையோடு திரும்பினால் கரையில் என்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியும். நீரோட்டம் மாறிவிட்டதா, வலை விட்ட இடம் பிழையா, காற்று முந்திவிட்டதா என்றுதான் கேட்போம். 'பாடு இல்லை' என்போம். போனவன் எதற்கும் உதவாதவன் என்று சொல்ல மாட்டோம். ஆனால் உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட பையனிடமும், உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி போதாமற்போன பிள்ளையிடமும் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. ஆட்டம் தோற்றது, பரீட்சை தவறியது என்பதோடு நிற்காமல் ஆளையே தோல்வியாக்கிவிடுகிறோம். கடலில் பழகிய நியாயத்தை வீட்டுக்கும் மைதானத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே நான் கேட்பது.

நம் முத்துப்பார்களே இதற்குச் சாட்சி. 1891க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. காரணம் தேடி 1902இல் வந்த ஹெர்ட்மன் என்ற ஆய்வாளர் கடலடியைப் பார்த்தார்: மணல் பெயர்ந்து சிப்பிகளை மூடுவதையும், அவை நெருக்கமாய் வளர்ந்து நலிவதையும், திருக்கைகள் தின்பதையும் எழுதிவைத்தார். 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தப் பெருவிளைச்சலை நம்பி மறு ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, சிப்பி அற்றுப்போய், தவணை முடியுமுன்பே கலைந்தது. தோல்வியைத் துருவிப் பார்த்தவர்கள் வெற்றியையும் அப்படிப் பார்த்திருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்திராது என்றே எனக்குப் படுகிறது.

'இப்படிப் பேசினால் பிள்ளைகளுக்கு வெல்லும் வெறி போய்விடும்' என்பீர்கள். குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் 2007, 2009, 2011, 2012 என்று நான்கு கிரிக்கெட் உலகக்கிண்ண இறுதியாட்டங்களில் தோற்றவர்கள். 2011இல் மும்பாயில் மஹேல ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்தும் கிண்ணம் இந்தியாவுக்குப் போனது. 2014இல் டாக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் அதே இருவரும் ஆடிய அணி இந்தியாவை வென்றது. சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52. ஆனால் அந்த வெற்றியை வைத்து நான் வாதாட வரவில்லை. டாக்காவில் தோற்றிருந்தாலும் மும்பாயில் எடுத்த சதம் சதம்தான். நான்கு தடவை வெறுங்கையோடு வந்தவர்களை ஐந்தாவது இறுதியாட்டத்துக்குக் கொண்டுசேர்த்தது அவமானம் அல்ல, ஆட்டம்.

'மீன் கடலின் கையில், பரீட்சை பிள்ளையின் கையில்' என்பது இதைவிட வலுவான மறுப்பு. அது பாதி உண்மை. கிழிந்த வலையைப் பொத்தாமல் போனவனைக் கரையும் கண்டிக்கத்தான் செய்கிறது. படிக்காத பிள்ளையிடமும் அதைச் சொல்லலாம். மீதிப் பாதி பிள்ளையின் கையில் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது: பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய பங்கில் மன்னாரும் உண்டு. தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை. அப்படியிருக்க, பெறுபேறு வந்த அன்று ஒரு பிள்ளை வெளியே தலைகாட்ட அஞ்சுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இழுவைப்படகு வந்து வலையை அறுத்துப்போவது தோல்வி அல்ல, அநீதி. அடிமட்ட இழுவையை 2017இலேயே நம் நாட்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. 1990இல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட நம் முஸ்லிம் உறவுகளிடமும், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடமும் 'தோல்வியைத் தாங்கிக்கொள்' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஏன் இப்படி நடந்தது என்று கேட்கப் பழகிய ஊருக்குத்தான் எதைத் தாங்குவது, எதை எதிர்ப்பது என்ற வேறுபாடு தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. வெற்றிக் கிண்ணத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் விரும்பிக் காசு அனுப்புகிறோம். தோற்ற அணியின் அடுத்த ஆறு மாதப் பயிற்சியை யாரும் விசாரிப்பதில்லை. அடுத்த சுற்றுப்போட்டிக்குக் கணக்குப் போடும்போது பந்து, சப்பாத்து, பயிற்றுநர் செலவு என்று எழுதி, வென்ற அணி, தோற்ற அணி இரண்டின் பேரிலும் எங்களிடம் கேளுங்கள்.

அன்புடன்,
கடல் கடந்து வாழும் உங்கள் உறவு