நான்கெழுத்தில் அடங்குமா மனிதன்?

விடுதி அறையொன்றில் இரு மாணவர் முதன்முறையாகச் சந்திக்கின்றனர். ஊர் எது, பாடசாலை எது, பாடம் எது என்னும் வினாக்கள் முடிந்ததும், “மச்சான், நீ எந்த வகை?” என்ற வினா எழுகின்றது. “ஐ. என். எவ். பி.” என்று விடை வருகின்றது. கேட்டவர் யாவும் விளங்கியதுபோலத் தலையசைக்கின்றார். கைத்தொலைபேசியில் பத்து நிமிடம் செலவிட்டுப் பெற்ற நான்கு ஆங்கில எழுத்துகள், இருபது ஆண்டு வாழ்க்கைக்குப் பிரதிநிதியாக நின்றுவிடுகின்றன. இதனைப் பொழுதுபோக்கெனத் தள்ளிவிட நான் ஆயத்தமாக இல்லை. தன்னை அறிதல் என்னும் கடினமான முயற்சிக்கு இது ஒரு மலிவான பதிலீடாக வந்துள்ளது; எம்மை எம்மிடமிருந்தே மறைக்கவும் செய்கின்றது என்பதே எனது வாதம்.

இவ்வகைப்பாட்டின் மூலவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961). 1913ஆம் ஆண்டளவில் புறொயிட்டிடமிருந்து பிரிந்த யுங்கை ஒரு வினா வருத்தியது. மனித உள்ளத்தையே ஆராய்ந்த புறொயிட்டும் அட்லரும் எவ்வாறு இத்துணை முரண்பட்ட விளக்கங்களை அடைந்தனர்? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றே 1921இல் ‘உளவியல் வகைகள்’ என்ற நூலை அவர் வெளியிட்டார். உளச்சக்தி வெளியுலகை நோக்கிச் செல்வோர் புறமுகிகள். உள்நோக்கிச் செல்வோர் அகமுகிகள். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என உளத்தின் தொழிற்பாடுகள் நான்கு. இவற்றுள் ஒன்று ஒருவரிடத்தில் மேலோங்கும். அதற்கு எதிரானது வளர்ச்சியின்றி நனவிலியில் தங்கும். இரு நோக்குகளும் நான்கு தொழிற்பாடுகளும் இணைய, வகைகள் எட்டாயின.

இங்கு கருதற்பாலது ஒன்றுண்டு. யுங்கின் அக்கறை மேலோங்கிய தொழிற்பாட்டைப் புகழ்வதில் இருக்கவில்லை. வளராது கிடக்கும் தொழிற்பாட்டைக் கண்டு, அதனையும் வாழ்வினுள் ஏற்று, மனிதன் முழுமையை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதே அவர் விரும்பியது. மனிதரைப் பெட்டிகளில் அடைப்பதற்காகத் தமது நூலைப் பயன்படுத்துவதை அவரே கண்டித்துள்ளார். அவருக்கு வகை என்பது ஒருவரின் ஒருதலைச் சார்பைச் சுட்டும் குற்றப்பத்திரிகை. எமக்கோ அது மார்பில் அணியும் பதக்கமாகிவிட்டது.

இம்மாற்றம் நிகழ்ந்த களம் அமெரிக்கா. கதரின் பிறிக்ஸ் என்பாரும் அவர் மகள் இசபெல் பிறிக்ஸ் மையர்ஸ் என்பாரும் யுங்கின் நூலைக் கற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு வினாக்கொத்தினை உருவாக்கினர். முடிவு செய்தல், திறந்திருத்தல் என்ற இன்னுமொரு சோடியைச் சேர்த்து எட்டைப் பதினாறாக்கினர். இருவரும் உளவியலை முறையாகக் கற்றவரல்லர். அது குற்றமன்று, பட்டம் பெறாதோரும் உண்மையைக் காணலாம். அவர்கள் கண்டது உண்மைதானா என்பதே வினா.

சான்றுகளை நோக்குவோம். மனிதர் உண்மையாகவே அகமுகி, புறமுகி என இரு இனத்தவராயின், மதிப்பெண்களை வரைபடமாக்கும்போது இரு மேடுகள் தோன்ற வேண்டும். தோன்றுவதோ நடுவில் உயர்ந்த ஒரே மேடு. பெரும்பாலானோர் நடுப்பகுதியிலேயே நிற்கின்றனர். அந்நடுவில் ஒரு கோட்டைக் கீறி, இப்பாலுள்ளவரை ஓரினமென்றும் அப்பாலுள்ளவரை வேறோரினமென்றும் கூறுவது, ஐந்தடி ஐந்தங்குலத்துக்கு மேற்பட்டோர் ‘நெடியர்’, ஏனையோர் ‘குறியர்’ என உலகைப் பிரிப்பதை ஒத்தது. கோட்டின் அருகே நிற்பவர் சற்று அசைந்தாலும் இனம் மாறிவிடுகின்றார். ஐந்து வார இடைவெளியில் மீண்டும் விடையளித்தோரில் அரைப்பங்கினர் வரையில் வேறு வகையினராகலாம் என டேவிட் பிட்டெஞ்சர் 1993இல் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்னரே, 1991இல், அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை தொழில் வழிகாட்டலில் இக்கருவியைப் பயன்படுத்துவதற்குப் போதிய ஆதாரமில்லை எனக் கூறியிருந்தது. ஆட்சேர்ப்புக்கு இதனைப் பயன்படுத்துதல் முறையன்று என்பதை இதனை முன்னெடுப்போரே ஒப்புக்கொள்கின்றனர்.

“ஆயினும் என்னைப் பற்றிய வருணனை அப்படியே பொருந்துகின்றதே” என்பர் நண்பர். இதற்கு விடை 1948இலேயே கிடைத்துவிட்டது. பேர்ட்ரம் போரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு பரீட்சை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆளுமை விளக்கம் அளித்தார். அது எவ்வளவு பொருந்துகின்றதென ஐந்து புள்ளிகளுக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26. பின்னர் உண்மை வெளிப்பட்டது. அனைவருக்கும் வழங்கப்பட்டது ஒரே விளக்கம். அதன் வாசகங்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பன்னிரு இராசிகளையும் இருபத்தேழு நட்சத்திரங்களையும் எள்ளி நகையாடும் எம் நண்பர்கள், பதினாறு வகைகளின் முன் பணிந்து நிற்பது விந்தையே.

இவ்விடத்தில் தேர்ச்சி மிக்க சிலர் குறுக்கிடுவர். “நான்கெழுத்துச் சோதனை மேலோட்டமானது, உளத் தொழிற்பாடுகளை ஆழ்ந்து கற்றால் உண்மை புலப்படும்” என்பது அவர்தம் வாதம். முதன்மைத் தொழிற்பாடு, துணைத் தொழிற்பாடு, மூன்றாவது, தாழ்ந்தது என ஓர் அடுக்கினை அவர்கள் விரிப்பர். அமைதியானவர் சினந்தால் தாழ்ந்த தொழிற்பாடு அவரைப் பற்றிக்கொண்டதாம். சினவாதிருந்தால் முதன்மைத் தொழிற்பாடு அவரை ஆள்கின்றதாம். எது நடப்பினும் கோட்பாடு வெல்லும். எந்நிகழ்ச்சியாலும் பொய்ப்பிக்கப்பட முடியாத கோட்பாடு அறிவியலாகாது என்ற கார்ல் பொப்பரின் அளவுகோலை இங்கு நினைவூட்டினாற் போதும். சோதனையை விட்டு அடுக்கினுள் புகுவோர் ஆழத்துக்குச் செல்லவில்லை. மறுப்புக்கு எட்டாத இடத்துக்கே செல்கின்றனர்.

இவ்வளவில் அமைந்திருப்பின் இக்கட்டுரைக்குத் தேவையே இராது. பிழையான கோட்பாடுகள் உலகிற் பல உள. இது எம் மத்தியில் செய்யும் வேலையே என் கவலைக்குக் காரணம். எங்கள் ரியூட்டோரியல் வகுப்புகளில் வாய்திறவா மாணவர் பலர். கேள்வி கேட்டல் ஆசிரியரை அவமதித்தல் எனக் கற்பித்த பாடசாலையிலிருந்து ஒருவர் வந்திருப்பார். பகிடிவதையால் ஒருவர் ஒடுங்கியிருப்பார். வாய்திறத்தலே ஆபத்தாயிருந்த போர்க்காலத்தில் வளர்ந்த பெற்றோர், மௌனத்தையே பாதுகாப்பெனத் தம் பிள்ளைக்குப் பழக்கியிருப்பர். இவர்கள் அனைவருக்கும் நான்கெழுத்து வழங்கும் விடை ஒன்றே: “நீ அகமுகி.” வரலாறு இயல்பாகிவிடுகின்றது, அநீதி குணமாகிவிடுகின்றது. மாற்ற வேண்டியது வகுப்பறை என்பது மறக்கப்பட்டு, மாற்ற முடியாதது தானே என மாணவர் நம்பிவிடுகின்றார்.

இதனை எழுதுபவனும் முதலாம் ஆண்டில் அக்குடையின்கீழ் ஒதுங்கி நின்றவனே. வகுப்பில் ஒரு சொல்லும் பேசாது, “நான் அகமுகி” எனக் கூறித் திரிந்தேன். அதே மாதத்தில் தமிழ்ச்சங்க விவாத மேடையில் ஏறியபோது, நேரம் முடிந்தும் என்னை இறக்குவது தலைவருக்குப் பெரும்பாடாயிற்று. அன்றிரவு நான் உணர்ந்த உண்மை எளியது. வகுப்பில் ஆங்கிலத்தில் தவறிவிடுவேனோ என்ற அச்சமே என் நாவைக் கட்டியிருந்தது. அச்சத்துக்கு மருந்துண்டு, ஆங்கிலம் கற்கலாம், தமிழில் கேட்கும் உரிமையைக் கோரலாம். வகைக்கோ மருந்தில்லை.

மனிதருக்கிடையே குணவேறுபாடு இல்லையென நான் கூறவில்லை. தனிமையை நாடுவோரும் கூட்டத்தை நாடுவோரும் உளர். இன்றைய ஆளுமை உளவியலும் புறமுகத்தன்மையை ஐந்து பெரும் பண்புகளுள் ஒன்றாக அளக்கின்றது. ஆயின் அதனை ஒரு படித்தரமாக, கூடக்குறைய இருப்பதாக அளக்கின்றதேயன்றி, மனிதரைக் கூறுபோடவில்லை. யுங்கிடமும் நாம் பெற்றுக்கொள்ளத்தக்க வினா ஒன்றுண்டு: “நான் எதனை வளர்க்காது விட்டேன்?” இவ்வினாவுக்குப் பத்து நிமிடத்தில் விடை கிடையாது. நண்பரின் கண்டிப்பிலும், தோல்வியிலும், பழக்கமில்லாத பணியை ஏற்றுத் தடுமாறுவதிலுமே அது சிறிது சிறிதாகக் கிடைக்கும்.

அடுத்த முறை எவரேனும் “நீ எந்த வகை?” என வினவினால், நண்பரே, நான்கெழுத்தைக் கூறாதீர். அமர்ந்து உமது கதையைக் கூறும். அவரது கதையையும் கேளும். அதற்குப் பத்து நிமிடம் போதாது என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.