தக்காளியைக் கிலோவில் மட்டும் அளக்காதீங்க

எந்த ரகம் நல்லா காய்க்கும்னு யாரைக் கேட்டாலும் "செடிக்கு இத்தனை கிலோ"ன்னு ஒரு எண்ணைச் சொல்லிடுவாங்க. பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்குக்கு 18 கிலோ வரை சொல்றாங்க. பொய்யில்லை. ஆனா அது வயல்ல, சொட்டுநீரும் உரமும் கணக்கா கிடைக்கிற செடி. தில்லி மாடியில 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டுல நிக்கிற செடிகிட்ட அதைக் கேட்கிறது நியாயமே இல்லை.

என்னைக் கேட்டா, வீட்டுத் தோட்டத்துக்கு அளவுகோல் கிலோ கிடையாது. எத்தனை வாரம் கடைத் தக்காளி இல்லாம ரசம் வெச்சீங்க? அதுதான் கணக்கு.

செலவு மிச்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2023 ஜூலையில இங்கே கிலோ 200 ரூபாயைத் தாண்டினப்ப எங்க குடியிருப்புல பாதிப் பேர் தொட்டி வாங்கக் கிளம்பினாங்க. ஜூலையில தில்லி மாடியில தக்காளி எங்கே காய்க்கும்? நம்ம செடி பழம் தர்ற ஏப்ரல்ல மண்டியிலயும் மலிவுதான்.

இந்த ஊர்ல ரகத்தை முடிவு பண்றது பருவம். தக்காளி பூத்தா மட்டும் போதாது, பிஞ்சு பிடிக்கணும். ராத்திரி 15லிருந்து 20 டிகிரி இருந்தா நல்லா பிடிக்கும். 10க்குக் கீழே போனாலும், பகல் 35ஐத் தாண்டினாலும் பூ கொட்டிடும். அதனால ஜனவரி குளிர்ல செடி சும்மா நிக்கும், மே மாசம் வெந்து போகும். நடுவுல பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் ரெண்டே மாசம். (செப்டம்பர், அக்டோபர்ல இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனா அப்ப வெள்ளை ஈ இலைச் சுருட்டை நோயைக் கொண்டு வந்துடும். ரக்ஷக் மாதிரி எதிர்ப்புள்ள ரகத்துக்கு அங்கேதான் மரியாதை.)

உயரமா படர்ந்து மாசக்கணக்கா காய்க்கிற ரகம் பெங்களூர்க்காரங்களுக்கு லாபம். இங்கே அது பந்தல் ஏறி முடிக்கிறதுக்குள்ள வெயில் வந்துடும். பூசா எர்லி ட்வார்ஃப் மாதிரி குட்டை ரகம் சீக்கிரம் காய்ச்சு முடிச்சுடும். மொத்த எடை குறைவுதான், ஆனா கைக்கு வந்து சேரும். ஒரே நேரத்துல குவியும்ங்கிறதால மூணு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தவணையா விதைக்கணும்.

செர்ரி தக்காளி இன்னொரு வேடிக்கை. எடை போட்டா சிரிப்பா வரும். ஆனா தினமும் கொஞ்சம் கொடுக்கும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். பசங்க செடியிலேயே தின்னு தீர்த்துடறதால தராசுக்கு வர்றதே இல்லை. ரசத்துக்கு மட்டும் ஆகாது, தோல்தான் மிஞ்சும்.

ரசம்னா பெரியகுளத்து பிகேஎம் 1தான். அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது. தட்டையா, காம்புப் பக்கம் பச்சையா, நல்ல புளிப்பா இருக்கும். லாரியில தூரம் போறதுக்குன்னே வளர்க்கிற கெட்டித்தோல் ஹைப்ரிட்ல மூணு போடற இடத்துல இது ரெண்டு போதும். இந்தக் கணக்கை எந்த விதைப் பாக்கெட்டும் சொல்லாது.

ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ரகத்துக்கு ரெண்டு செடியாவது வைங்க. ஒரே அளவு பக்கெட், ஒரே மண், ஒரே பக்கத்து வெயில். பறிக்கிற ஒவ்வொரு நாளும் காலண்டர்ல எடையைக் குறிச்சு வைங்க. அடிப்பக்கம் கருத்து அழுகினா ரகத்தைத் திட்டறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. ஒருநாள் ஊத்தி ரெண்டுநாள் காயப் போட்டா சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது.

ஆறு பக்கெட் வைக்க இடமிருந்தா நான் மூணுல குட்டை, ரெண்டுல பிகேஎம், ஒண்ணுல செர்ரின்னு வைப்பேன். நவம்பர்ல விதைச்சு, ஜனவரியில மாத்தி நட்டு, ராத்திரி பனிக்குப் பழைய வேட்டியால மூடுங்க. வாடகை வீட்டுக்காரங்க மாடிச் சாவி யார்கிட்ட இருக்குன்னு முதல்ல விசாரிச்சுக்கோங்க.